இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் காற்று

வளிமண்டல ஆய்வு மையத்தின் அறுபதாண்டு வரலாற்றை எழுதித் தரச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தபோது, முள்ளு முதலில் செய்த காரியம், அந்த அறுபது ஆண்டுகளில் யார் யாரை அடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்ததுதான். தாள் போதவில்லை. பின்பக்கமும் எழுதினார்.

முள்ளு என்பது பட்டப்பெயர். முப்பத்திரண்டு வருஷம் அந்த மையத்தில் அப்சர்வர் உத்தியோகம் பார்த்தவர். கருவிகளில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து மணிக்கு ஒருதரம் பதிவேட்டில் எழுதுவது வேலை. ஆளும் முள் மாதிரிதான் இருப்பார்; பக்கவாட்டில் திரும்பி நின்றால் வருகைப்பதிவில் விடுப்புப் போட்டுவிடுவார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ‘வரலாறு எழுதும் அளவுக்கு நாம் வளர்ந்துவிட்டோமா, இல்லை வரலாறு அவ்வளவு கீழே இறங்கிவிட்டதா’ என்று மனைவியிடம் கேட்டார். இரண்டாவதுதான் என்று அவள் சொன்னாள்.

மையம் பிறந்ததே அடிதடியில். ஸ்தாபகப் பேராசிரியருக்கு ஒதுக்கிய பழைய குதிரை லாயத்தில் வேதியியல் துறைத் தலைவர் காலிப் போத்தல்களை அடுக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார். பேராசிரியர் மழைமானியின் இரும்புத் தாங்கியால் பூட்டை உடைத்தார். தாங்கி அதோடு நிற்காமல் துறைத் தலைவரின் முன்பற்கள் இரண்டையும் விசாரித்துவிட்டு வந்தது. மூன்றாம் ஆண்டு, முதல் ஹைட்ரஜன் பலூனைப் பறக்கவிட வந்த துணைவேந்தர், சிகரெட்டை அணைக்காமல் கிட்டே போய் நின்றார். பலூனும் போயிற்று, அவர் புருவமும் போயிற்று, மேடையில் பாதியும் போயிற்று. ஒன்பதாம் ஆண்டு, மழை வராது என்று மையம் எழுதிக் கொடுத்த நாளில் பட்டமளிப்பு விழா முழங்கால் தண்ணீரில் நடந்தது. நனைந்த பட்டதாரிகள் நேராக வந்து கண்ணாடி ஜன்னல் நாற்பத்தொன்றையும் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். பதினேழாம் ஆண்டு, ஒரு புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்ற விவாதத்தில் ஒரு பேராசிரியர் இன்னொரு பேராசிரியரின் காதைக் கடித்துத் துப்பினார். கடித்தவருக்கு முனைவர் பட்டம் அப்போதே இருந்தது.

இதையெல்லாம் முள்ளு சிரித்துக்கொண்டேதான் எழுதினார். ‘முப்பத்துநான்காம் ஆண்டு’ என்று தலைப்புப் போட்டதும் பேனா நின்றது. அந்த ஆண்டு அடித்தவர்களில் ஒருவர் அவர்.

அந்த ஆண்டைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்த கதை ஒன்று உண்டு. பெரும்புயல் நாளில் கருவிகள் செத்துப்போன பிறகும், அப்சர்வர் ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறினார். காற்றில் இரும்புக்கதவு அறைந்து வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆனாலும் அளவு தவறவில்லை. மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். மையத்தின் வாசல் கல்வெட்டில் அந்த எண் இருக்கிறது. கடிதத்தாளில் இருக்கிறது. மாணவர்களின் சட்டை முதுகில் இருக்கிறது.

விரலை இழந்தவர் இடி. முள்ளுவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். குரலுக்காக வந்த பட்டம் அது. கீழே அவர் தண்ணீர் கேட்டால் மூன்றாம் மாடியில் இருப்பவர் குழாயைத் திறந்துவிடுவார். விரல் போனது மட்டும் மெய். மீதி எப்படி நடந்தது என்றால், இப்படி:

காலை பதினொன்றரைக்கு மின்சாரம் போயிற்று. அடுத்த பத்தாவது நிமிஷம் மாடிக் கம்பத்திலிருந்து வரும் கம்பி அறுந்து, அறையில் இருந்த காற்றுமானியின் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. வெளியே மரங்கள் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு மணிப் பதிவுக்கு ஒரே வழி, கையில் பிடிக்கும் காற்றுமானியோடு மாடிக்கு ஏறுவது. முப்பத்துநான்கு வருஷத்தில் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை. மாடிக்கதவின் சாவி முள்ளுவிடம் இருந்தது.

“சாவியக் குடு மாப்ளே.”

“மாட்டேன் மச்சான். கதவத் தெறந்தா நீ மாடியில இருக்க மாட்டே. காத்து உன்னக் கொண்டு போயி வேற ஊர்ல எறக்கும்.”

“எறக்கட்டும். அங்கயும் அளவெடுப்பேன். குடுடா.”

“உன் தங்கச்சி காலைல என்ன சொன்னா தெரியுமா? அண்ணன் மேல ஏறினா நீங்க வீட்டுக்கு வராதீங்கன்னா. வயித்துல புள்ளையோட சொன்னா.”

“நீ வராட்டி அவ நிம்மதியா இருப்பா. சாவி!”

இடியின் முதல் குத்து மூக்கில் விழுந்தது. முள்ளு அதுவரை யாரையும் அடித்ததில்லை. அடி வாங்கியதும் உண்டு என்றால் அப்பாவிடம் மட்டும். அதனால் ரத்தம் உதட்டில் இறங்கியதும் என்ன செய்வது என்று தெரியாமல் சாவியை வாயில் போட்டுக்கொண்டார். இடி அவர் தாடையைப் பிடித்து நெரித்தார். முள்ளு கடித்தார். இடி அவரைத் தூக்கி வெப்பமானித் தாங்கியின் மேல் எறிந்தார். கண்ணாடிக் குழாய்கள் உடைந்து, பாதரசம் உருண்டைகளாகத் தரையெங்கும் ஓடியது. முள்ளு எழுந்து, கைக்குக் கிடைத்த நாற்காலியால் மச்சானின் முதுகில் அடித்தார். நாற்காலி உடைந்தது, முதுகு உடையவில்லை. இடி திரும்பி அவர் தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் மோதினார். மூன்றாவது மோதலில் ஒரு கடைவாய்ப்பல்லும் சாவியும் சேர்ந்து வெளியே வந்தன. மூலையில், சாவி முறுக்கி ஓடும் உருளைக் கருவி மட்டும் இந்தக் குடும்ப விவகாரத்தில் தலையிடாமல் காற்றழுத்தக் கோட்டை வரைந்துகொண்டிருந்தது.

இடி படியேறிக் கதவைத் திறந்தார். காற்று கதவை வெளியே பிடுங்கிக்கொண்டது. இடி கதவு நிலையை வலது கையால் பற்றிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தார். பின்னாலேயே தவழ்ந்து வந்த முள்ளு ஒரு கையால் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். காற்று ஒரு கணம் மூச்சு வாங்கிய நேரம், இன்னொரு கையால் கதவைப் பற்றி, தன் முழு உடம்பையும் — அது ஒன்றும் அதிகமில்லை, ஆனால் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது — கொடுத்து அடித்துச் சாத்தினார்.

நிலையில் இருந்த கையை அவர் பார்க்கவில்லை.

சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. இடி கத்தவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. படியில் சரிந்து உட்கார்ந்து, மயங்கிப்போனார். முள்ளு தன் சட்டையைக் கிழித்துச் சுற்றினார், அழுத்திப் பிடித்தார். பிடித்தபடியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணி கடந்தது, பன்னிரண்டரையும் கடந்தது.

இடி கண் விழித்ததும் முதலில் கேட்டது, “எவ்ளோ?”

“என்ன மச்சான்?”

“காத்துடா. போயிப் பாத்தியா? எவ்ளோ இருந்துச்சு?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முள்ளுவால் முடியவில்லை. “பாத்தேன்” என்றார். எண் வேண்டுமே. எதிர்ச் சுவரில் தீயணைப்பு உருளை ஒன்று தொங்கியது. அதன் வயிற்றில் பொருள்பட்டியல் எண் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்தது. “இருநூத்திப் பன்னெண்டு.”

இடியின் வெளிறிய முகத்தில் சிரிப்பு வந்தது. “யப்பா. போனாலும் பெரிய காத்துக்குத்தான்டா போயிருக்கு.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, காற்றில் கதவு அடித்தது என்று இடி சொன்னார். தங்கையிடமும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளையின் பெயர் அவர் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை. அதன் பிறகு உண்மையைச் சொல்ல முள்ளுவுக்கு எப்படி வாய் வரும்? பன்னிரண்டு மணிக் கட்டத்தில் எண்ணை எழுதினார். விதிப்படி இரண்டு அப்சர்வரும் கையெழுத்திட்டார்கள், இடி இடது கையால். எண்ணின் புகழ் வளர்ந்தது; அளந்ததும் இடிதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது, இருவரும் திருத்தவில்லை. இடிக்குப் பதக்கம் கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் புதிய மாணவர்களுக்கு முன்னால் மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார். கடைசி வரிசையில் முள்ளு உட்கார்ந்து கைதட்டுவார். அவருக்கு வியர்த்துக்கொட்டும், கூட்ட நெரிசல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆக, பேனா நின்றது. நின்ற பேனாவை மூடிவைத்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் எழுந்தபோது வாசலில் மணி அடித்தது.

இடியின் மகள் நின்றாள். வயது இருபத்தொன்பது, வீட்டில் இன்னும் பாப்பா. அதே மையத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். இடது கன்னம் வீங்கி, உதடு கிழிந்திருந்தது.

“யாரும்மா அடிச்சது?” என்று முள்ளுவின் மனைவி ஓடிவந்தாள்.

“உங்க அண்ணன்தான் அத்தை. என்னைப் பெத்தவரு.”

நான்கு வருஷமாகப் பெரும்புயலைப் பற்றித்தான் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த உருளைக் கருவி வரைந்த அழுத்தக் கோடு, சாய்ந்த மரங்களின் பட்டியல், வளைந்த விளக்குக் கம்பங்களின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், காற்று நூற்றைம்பதைத் தாண்டியிருக்க வழியில்லை. அதை எழுதிவிட்டாள். வியாழக்கிழமை பட்டக்குழு முன்னால் நிற்க வேண்டும். இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்ட பதிவேட்டைப் பொய் என்கிறாயா, ஆதாரம் கொண்டு வா, இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்றார். எடுத்தால் ஆராய்ச்சியில் மிச்சம் அட்டைதான்.

“அப்பாகிட்ட பதமாத்தான் சொன்னேன் மாமா. கருவி தப்பாக் காட்டியிருக்கும்ப்பா, உங்க மேல குத்தம் இல்லன்னேன். என் வெரலையே பொய்யிங்கிறியான்னு அடிச்சாரு. கணக்கக் கிழிச்சிட்டு வா, இல்லாட்டி வராதேன்னுட்டாரு.” அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “நீங்க அங்க இருந்தீங்கல்ல மாமா. அவர் கையில கருவி ஆடுச்சா, எப்டிப் பிடிச்சிருந்தாரு, ஏதாவது ஞாபகம் இருக்கா? ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

முள்ளு அவள் கன்னத்தையே பார்த்தார். அந்த அறை யாருக்கு விழ வேண்டியது என்று அவருக்குத் தெரியும். இடி கொஞ்சம் குறி தவறி அடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

“அப்பா எங்க இருக்காரு?”

“மையத்துலதான். காட்சிக்கூடத்துல.”

“ஐஸ் வை” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். “எங்க போறீங்க?” என்று அவள் கேட்டதற்கு, “வரலாறு எழுத” என்றார். சொன்னபிறகு, கொஞ்சம் பெரிய பேச்சாகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

பழைய கருவி அறையைத்தான் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பேழை. உள்ளே அந்தப் பதிவேடு, அந்தப் பக்கம் திறந்தபடி. ஓய்வு பெற்ற பிறகும் இடி தினமும் காலையில் வந்து அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வா மாப்ளே. பஞ்சாயத்துக்கு வந்தியா? என் பொண்ணு, நான் அடிச்சேன். எவன் கேக்கறது?”

“மச்சான், அவ சொல்றது சரி.”

“என்ன சரி?”

“அந்த நம்பரு பொய். நான் மேல போகவேயில்ல. சொவத்துல ஒரு தீயணைப்புச் சிலிண்டர் தொங்குச்சு, ஞாபகம் இருக்கா? அதுல எழுதியிருந்த நம்பரு அது.”

இடி சிரித்தார். பேழையின் கண்ணாடி அதிர்ந்தது. “சிலிண்டரு! எம்பொண்ணுக்காக என்னென்ன கட்டி விடறான் பாரு.” முள்ளு சிரிக்கவில்லை. இடியின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கையிலிருந்த துணியை நான்காக மடித்துக் கவனமாகக் கீழே வைத்தார்.

“இருபத்தாறு வருசம்” என்றார். “இருபத்தாறு வருசமா நான் ஒரு சிலிண்டரத் தூக்கிட்டு ஊர்வலம் போயிருக்கேன். நீ கை தட்டியிருக்கே.”

முதல் குத்து விலாவில் இறங்கியது. வலது கை போனதற்கு இடது கை இவ்வளவு தேறியிருக்கும் என்று முள்ளு நினைக்கவில்லை. மூச்சு நின்று குனிந்தவரின் முகத்தில் முழங்கால் ஏறியது. கீழே விழுந்தவரைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, இடி அவரைப் பேழைமேல் வீசினார். கண்ணாடி வெடித்துச் சிதறியது. முள்ளுவின் காதருகே ஏதோ சூடாக ஒழுகியது. கையைத் தூக்கித் தடுக்கக்கூட அவர் முயலவில்லை. வீரத்தால் அல்ல, எந்தக் கையைத் தூக்குவது என்று யோசிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது. இடி உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும், “சொல்லியிருக்கலாம்ல! சொல்லியிருக்கலாம்ல!” என்று கத்தினார். பிறகு சுவரிலிருந்து பழைய மழைமானித் தாங்கி ஒன்றைப் பிடுங்கினார். இரும்பு. இடது கையால் தலைக்குமேல் தூக்கினார்.

“அப்பா!”

பாப்பா வாசலில் மூச்சிரைக்க நின்றாள். பின்னால் இயக்குநரும் காவலாளியும். யாருக்கும் உள்ளே கால் வைக்கத் துணிவில்லை. அவள் மட்டும் கண்ணாடித் துண்டுகளின் மேல் நடந்து வந்து நடுவில் நின்றாள்.

“போடுங்க. என்னையும் சேத்துப் போடுங்க. ஒரு கன்னம்தான வீங்கியிருக்கு.”

தாங்கி மேலேயே நின்றது. இடியின் நெஞ்சு ஏறி இறங்கியது. மகளைத் தாண்டித் தரையில் கிடந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

“நான் மயங்கிக் கெடந்தேன். சாவி கதவுலயே இருந்துச்சு. ஏறிப் பாக்க அஞ்சு நிமிசம். மணி பன்னெண்டுகூட ஆயிருக்காது. ஏன்டா போகல?”

முள்ளு பேச வாயைத் திறந்தார். முதலில் ரத்தம் வந்தது, பிறகு பேச்சு.

“கைய விட்டா உனக்கு ரத்தம் பீச்சுச்சு மச்சான். ரெண்டு தடவ எந்திரிச்சேன். ரெண்டு தடவயும் பீச்சுச்சு. அப்புறம் எந்திரிக்கல.”

தாங்கி மெல்லக் கீழே வந்தது. இடி அதை ஊன்றிக்கொண்டு, ஏதோ வயதானவர் மாதிரி, தரையில் உட்கார்ந்தார். வயதானவர்தான், அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

“போலீஸக் கூப்பிடட்டுமா சார்?” என்றான் காவலாளி.

“எதுக்கு?” என்றார் இடி. “எங்க வீட்டு விசயம். இவன் என் மாப்ள.” பிறகு மகளைப் பார்த்தார். “கன்னம் வலிக்குதா?”

“வலிக்குது.”

“ம்.” கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து பதிவேட்டை எடுத்து, உதறி, அவளிடம் நீட்டினார். “இதான ஆதாரம் கேட்டாங்க. தப்பா எழுதினா எப்டித் திருத்தணும்னு தெரியும்ல? அழிக்கக் கூடாது. ஒரு கோடு, ரெண்டு பேர் கையெழுத்து.”

“ஐயா,” என்று இயக்குநர் தொண்டையைச் செருமினார், “வாசல்ல கல்வெட்டு இருக்கு. கடிதத்தாள் பத்தாயிரம் அச்சடிச்சு…”

“கல்வெட்டா? இந்தா இருக்கு கம்பி, நான் பேத்துத் தர்றேன்.”

இயக்குநர் கடிதத்தாளைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

பாப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். இடி கையெழுத்திட்டார். முள்ளு பேனாவை வாங்கிப் பதிவேட்டின் மேல் குனிந்தார். இடி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து முடிந்ததும் பாப்பா தலையைத் தூக்கினாள்.

“காலிக் கட்டத்துக்குக் காரணம் எழுதணும். கருவிக் கோளாறு, ஆள் வரல, வேற காரணம். எது?”

இரண்டு கிழவர்களும் யோசித்தார்கள்.

“கைக் கருவி நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் முள்ளு. “ஆளும் ரெண்டு பேர் இருந்தோம்.”

“வேற காரணம்னு போடு பாப்பா” என்றார் இடி. “அப்சர்வர் இருவரும் அடித்துக்கொண்டிருந்தனர்னு தெளிவா எழுது. நேரமும் போடு. பதினொன்னு நாப்பத்தஞ்சுலேருந்து.”

“நாப்பது மச்சான். நாப்பதுக்கு நீ என் மூக்குல குத்திட்டே.”

“நானா? நாற்காலியால மொதல்ல அடிச்சது யாரு?”

“அது மூக்குக்கு அப்புறம்.”

“அதுக்கு முன்னாடி நீ கடிச்சே!”

“மூக்குக்கு முன்னாடி எப்டிக் கடிக்கிறது? மூக்குக்கு அப்புறந்தான சாவியே வாய்க்குள்ள போச்சு!”

இடி எழ முயன்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. முள்ளு ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கை இப்படித்தான் குத்தினான் என்று காவலாளிக்குச் செய்து காட்டினார். பாப்பா பேனா முனையைக் கட்டத்தின் மேல் வைத்தபடி, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரக் காத்திருந்தாள்.